பச்சை ஆயில் பெயிண்ட்

சந்தேகம் என் கூடவே பிறந்தது. கடைக்காரர் தராசில் கத்தரிக்காயை வைத்தால் நான் அவர் விரலைத்தான் பார்ப்பேன். அப்படிப்பட்டவன் எழுபதுகளின் கடைசியில் வீடு கட்டக் கிளம்பினேன்.

என் மனைவிக்கு இழுப்பு. மழைக்காலம் வந்தால் எங்கள் பழைய மண்சுவர் பூசணம் பிடித்து நாறும். அவள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சுக்குத் தவிப்பாள். பூசணம் அண்டாத வீடு ஒன்றை அவளுக்குக் கட்டியே தீருவது என்றிருந்தேன்.

பழையசீவரத்திலிருந்து வந்த பாலாற்று மணலை, வண்டிக்கு ஒரு சிட்டிகை வாயில் போட்டு உப்புக் கரிக்கிறதா என்று பார்த்தேன். செங்கல்லைத் தட்டிப் பார்த்தேன், தண்ணீரில் ஊறப்போட்டும் பார்த்தேன். சிமெண்ட் மூட்டைக்குள் கைவிட்டுக் கட்டி தேடினேன். வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும், மூச்சுக்குத் தவிப்பது அவர் மனைவியா?

ஆடியில் பூச்சு முடிந்தது. வீட்டைக் கட்டிய மானாம்பதி மேஸ்திரி என்னிடமும் மனைவியிடமும் சொன்னார்: "இப்ப சுண்ணாம்பு மட்டும் அடிங்க. சொவுத்துல இன்னும் ஈரம் கீது. ஒரு கோடை காயட்டும், அப்பறம் பெயிண்ட பாத்துக்கலாம்."

அடுத்த வருஷ வேலைக்கு இப்போதே துண்டு போட்டு வைக்கிறார் என்று எனக்குப் பட்டது. நானா ஏமாறுவேன்? காஞ்சிபுரத்திலிருந்து ஆளைக் கூட்டிவந்து உள்சுவர் முழுக்கப் பச்சை ஆயில் பெயிண்ட் அடித்தேன். தண்ணீரே ஒட்டாத சுவரில் பூசணம் எங்கே ஒட்டும்? சுவர் பளபளவென்று மின்னியது. மனைவி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஐப்பசி மழையில் பெயிண்ட் கொப்புளம் விட்டது. சுற்றிலும் கறுப்புக் கறுப்பாகப் பூசணம். அவளுக்கு இழுப்பு முன்னைவிட அதிகமானது. மேஸ்திரி சிமெண்டைத் திருடிவிட்டார் என்று முடிவுகட்டி, மானாம்பதிக்கு சைக்கிளை மிதித்துப் போய் நாலு பேர் எதிரில் கத்தினேன். அவர் பூச்சுக் கரணையை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். ஒரு கொப்புளத்தைக் கீறினார். தண்ணீர் வழிந்தது.

"ஈரத்த வெளிய வுடாம நீங்கதான் உள்ள வச்சி மூடிக்கினீங்க. நான் இன்னாத்த திருடனேன்?"

வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் போனபின், கோபம் யார் மேலாவது போக வேண்டுமே, மனைவியிடம் திரும்பினேன்.

"அன்னிக்கு அவரு சொல்லசொல்ல நீயும்தானே கேட்டுக்கினு இருந்தே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவள் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்.

"சொல்லலாம்னுதான் பாத்தேன். 'மேஸ்திரி உனுக்கு இன்னா குடுத்தான்'னு என்னயும் கேட்டிருப்பீங்க."