பெரிய வெள்ளியன்று ஒரு லோடு

எங்கள் சபையில் பெரிய வெள்ளி ஆராதனை பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். இயேசு சிலுவையில் தொங்கியபடி பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராக விளக்கிப் பேசுவார்கள். அந்த ஏழு பேர் யார் யார் என்பது பட்டாபிராமில் எங்கள் சபைக்கு ஒரு தேர்தல் மாதிரி. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஆறாம் வார்த்தை அவருடைய பட்டா நிலம். மற்றதெல்லாம் ஆயருக்கும், பேங்க் ஆபீசருக்கும், டாக்டரம்மாவுக்கும் போய்விடும். கம்பெனிக்குப் போகிறவர்கள் பாட்டுப் பாடலாம், பாய் விரிக்கலாம், ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றலாம். மைக் பக்கம் வர மாட்டார்கள். வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, கூப்பிட்டதுமில்லை.

நான் கம்பெனிக்குப் போகிறவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மருந்து பாட்டில்களுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். நெமிலிச்சேரியில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவேன். ரயிலில் நின்றபடியே கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் பண்ணுவேன், கண்ணை மூடினால் யாராவது காலை மிதித்துவிடுவார்கள். கோபம் எனக்கு மூக்குக்கு மேலேயே இருக்கும். அதற்காகவும் ஜெபம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வருடம் ஆயர் என்னைக் கூப்பிட்டு, "அஞ்சாம் வார்த்தை நீங்க பேசுறீங்கம்மா" என்றார். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

கமிட்டியில் இதைப் பேசியபோது தலைமை ஆசிரியர், "கம்பெனிக்குப் போற பொண்ணு. அன்னைக்கு லீவு கெடைக்குமோ என்னமோ. வரலைன்னா அஞ்சையும் ஆறையும் சேர்த்து நானே பேசிடுறேன்" என்றாராம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். அந்த உதவிதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது என் கணவர் எட்டிப் பார்த்து, "குக்கர் என்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். என் அம்மா காலமெல்லாம் அந்தக் கோயிலில் பாய் விரித்தவள். ஒரு நாளும் அந்த மேடையில் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் அன்று ஏறாமல் விட்டால், நம்மைப் போன்றவர்களை இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்த வாரத்தின் நடுவில் மேனேஜர் வந்தார். வெள்ளிக்கிழமை மதியம் லாரி வருகிறது, அவசர லோடு, பேக்கிங் செக்‌ஷனுக்கு மட்டும் லீவு கிடையாது, வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். 

"சார், எனக்கு அன்னைக்கு சர்ச்சுல பேசணும்."

"பேசும்மா. யார் வேணாம்னா? லோடு ஏறினதும் கெளம்பிடு."

அந்த லோடு எங்கள் கைகளுக்கு மாலை வரை இழுக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்சார்ஜ் கையெழுத்து இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. இதே மேனேஜர்தான் ஒவ்வொரு வருடமும் பூ, மெழுகுவத்தி எல்லாம் போட்ட படத்தோடு 'ஹேப்பி குட் ஃப்ரைடே' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார். "சாவு வீட்டுக்குப் போயி ஹேப்பின்னு சொல்லுவீங்களா சார்?" என்று நானும் வருடா வருடம் பாடம் எடுப்பேன். அடுத்த வருடம் பூ இன்னும் பெரிதாக வரும்.

மத்தியானம் சாப்பிடும் இடத்தில் பொரிந்து தள்ளினேன். மேனேஜரில் தொடங்கி தலைமை ஆசிரியர் வழியாகக் கடவுள் வரைக்கும் போனேன். எங்கள் செக்‌ஷன் பெண்கள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் உட்காருகிறவள் மட்டும், "அஞ்சாவது ஆளா பேசணுமாக்கா? எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள். ஒன்றே முக்கால் வாக்கில் என்றேன். "அங்க இன்னா பேசுவ?" என்றாள். தாகத்தைப் பற்றி, 'தாகமாயிருக்கிறேன்' என்று இயேசு சொன்னதுதான் அஞ்சாம் வார்த்தை, என்றேன். "இந்த வெயிலுக்குக் கரெக்ட்டாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டாள்.

இவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருவேற்காட்டுக்காரி. நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். வெள்ளிக்கிழமை என்றால் அம்மனுக்குப் படைக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. என்னோடு ஒரே மேசையில் பல வருடமாக மூடி எண்ணுகிறாள், என் சர்க்கரை மாத்திரையை எனக்கு ஞாபகப்படுத்துகிறவளும் இவள்தான். எங்களுக்குள் ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கும். ஆயுத பூஜைக்குப் பொரி கொடுப்பாள், ஆடி மாதம் கூழ் கொண்டு வருவாள். நான், "படைச்சதுன்னா வேணாம்மா" என்பேன். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது எங்கள் வீட்டில் வளர்ந்த முறை. அதை நான் ஒளித்ததுமில்லை, அதற்காக வெட்கப்பட்டதுமில்லை. ஆயுத பூஜைக்கு மிஷின்களில் பொட்டு வைப்பது அவர்கள் வேலை, முந்தின நாள் அந்த மிஷின்களின் பிசுக்கைச் சுரண்டி எடுப்பது என் வேலை என்று நானாகவே பிரித்துக்கொண்டேன். அவள் ஒரு முறைகூட முகத்தைச் சுளித்ததில்லை. "சர்தாக்கா" என்று டப்பாவை மூடிக்கொள்வாள். ஆனால் அந்த மூடுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை காலை உபவாசத்தோடு கிளம்பினேன். மூன்று மணிக்கு ஆராதனை முடியும் வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது சின்ன வயதிலிருந்து வழக்கம். பைக்குள் வெள்ளைப் புடவை, பேச்சு எழுதிய தாள்கள். ஏழு மணிக்குக் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால், எங்கள் ஷெட்டில் விளக்கு எரிகிறது. டேப் இழுக்கிற சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். எங்கள் செக்‌ஷன் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. சுவரோரம் ஒட்டி முடித்த பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

எனக்கு முதலில் வந்தது கண்ணீர் என்று சொன்னால் அது பொய். கோபம்தான் வந்தது. "என்னைக் கேக்காம யாருடி என் செக்‌ஷனைத் தொறந்தது?" என்று கத்திவிட்டு, அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, டேப்பைக் கிழித்து எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இன்னொன்றைக் கிழித்தேன். அதுவும் சரி.

"ஒட்டுனத எல்லாம் பிரிச்சிகினே இருந்தா எப்பக்கா போறது?" என்றாள் திருவேற்காட்டுக்காரி. "விடியாலயே வந்துட்டோம். வாட்ச்மேன் அண்ணாத்த கையில கால்ல வுழுந்து தொறந்தோம். ஊட்டுக்காரு ஸ்கூட்டிய எடுத்தாந்துகீறேன். லோடு ஏறுனதும் உன்ன நானே இட்டுகினு போயி வுட்டுடறேன்."

பிறகு எல்லாருமாக எழுந்து நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில், "ஹேப்பி குட் ஃப்ரைடேக்கா!" என்றார்கள். சொல்லி முடித்ததும் அவள் ஒரு டிபன் டப்பாவை என் முன்னால் நீட்டினாள். உள்ளே கேசரி. முந்திரியும் திராட்சையும் போட்டு, நெய் மினுமினுத்தது.

வருடா வருடம் எடுக்கும் பாடம் தொண்டை வரைக்கும் வந்தது. துக்க நாள், உபவாச நாள், சர்க்கரைக்காரி வேறு. நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"படைக்கலக்கா. அம்மனுக்கு வெக்கிறதுக்கு முன்னாடியே உனுக்குத் தனியா எடுத்துட்டேன்."

 கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை பிரசாதத்தை அம்மனுக்கு வைக்கும் முன் பெற்ற பிள்ளை அழுதால்கூட ஒரு பருக்கை எடுத்துக் கொடுக்காதவள் அவள். உப்பு பார்க்கக்கூட வாயில் வைக்க மாட்டாள். அவள் வீட்டுச் சட்டத்திலேயே பெரிய சட்டம் அது.

"அம்மன் ஒண்ணும் சொல்லாதா?" என்று கேட்டேன்.

"கோச்சிக்காது. யாருக்குன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன்."

அங்கேயே, பெட்டிகளுக்கும் டேப் ரோல்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கேசரியை விரலால் எடுத்துச் சாப்பிட்டேன். ஒரு வாய் இல்லை, இரண்டு வாய். என் வாழ்க்கையில் முதல் முறையாகப் பெரிய வெள்ளி உபவாசம் காலை ஏழு மணிக்கு முடிந்தது. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சக்கரை கம்மியாத்தான் போட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகு லாரிதான் பாடாய்ப் படுத்தியது. பத்தரைக்கே எல்லாப் பெட்டிகளும் கட்டி முடித்துத் தயாராக இருக்க, லாரி பன்னிரண்டு தாண்டியும் வரவில்லை. பட்டாபிராமில் முதல் வார்த்தை தொடங்கியிருக்கும். டிரைவருக்கு போன் போட்டால், குமணன்சாவடியில் மாட்டிக்கொண்டேன் என்கிறான்.  ஒரு வழியாக லாரி வந்ததும் பெண்கள் லோடுமேன்களுக்குக் காத்திருக்கவில்லை, சங்கிலி மாதிரி நின்று பெட்டிகளைக் கைமாற்றினார்கள். மேனேஜர் வெளியே வந்து பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். அந்த ஆள் பெட்டி தூக்கி நான் அன்றுதான் பார்த்தேன். லாரி கேட்டைத் தாண்டும்போது மணி ஒன்று அடித்துவிட்டது.

புடவை மாற்ற நேரமில்லை. கம்பெனியின் நீலக் கோட்டோடு ஸ்கூட்டியின் பின்னால் ஏறினேன். திருமுல்லைவாயில், ஆவடி என்று வெயிலில் பறந்தாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நான் பேச்சை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எழுதி வைத்திருந்ததெல்லாம் நல்ல நல்ல வாக்கியங்கள்தான், ஆத்துமாவின் தாகம், உலகத்தின் தாகம் என்று. ஒன்றுகூட நாக்கில் ஒட்டவில்லை. நாக்கில் கேசரிதான் இருந்தது. ஆவடி தாண்டும்போது என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் உள்ளே நுழையும்போது நாலாம் வார்த்தைக்குப் பிறகு வரும் பாட்டின் கடைசிச் சரணம். தலைமை ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். வாசலில் என்னைப் பார்த்த ஆயர் கையைக் காட்டினார். தலைமை ஆசிரியர் உட்கார்ந்தார். நான் நீலக் கோட்டோடு, வியர்வையோடு, நேராக நடந்து மேடை ஏறினேன். ஸ்கூட்டிச் சாவியைக் கையில் பிடித்தபடி அவள் கடைசிப் பாயில், அம்மா எப்போதும் உட்காரும் மூலையில் உட்கார்ந்தாள்.

தாள்களை எடுக்கவில்லை. "அவருக்குத் தாகமா இருந்துச்சு" என்று தொடங்கினேன். "அந்த நேரத்துல கூட இருந்த சீஷருங்க யாரும் ஒரு சொட்டு குடுக்கல. குடுத்தது யாரு? அங்க காவலுக்கு நின்ன ஒரு வெளி ஆளு. பேர்கூட நமக்குத் தெரியாது. புளிச்ச காடியில பஞ்சைத் தோய்ச்சு, ஒரு குச்சியில கட்டித் தூக்கிக் குடுத்தாரு. நம்ம ஆண்டவர், நீ யாரு, எந்த ஊரு, எதுக்குக் குடுக்குறன்னு கேக்கல. வாங்கிக்கிட்டாரு."

பிறகு அன்று காலை நடந்ததைச் சொன்னேன். சபை முழுவதும் உபவாசத்தில் உட்கார்ந்திருக்க, நான் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று மைக்கில் சொன்னேன். யார் கொடுத்தது, தன் சாமிக்கு வைக்கும் முன் எனக்கு எப்படி எடுத்து வைத்தாள் என்று சொன்னேன். "வாங்கிக்கிறதுக்கும் விசுவாசம் வேணும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்று சொன்னபோது குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன். ஆமென் சொல்லி முடித்தேன்.

கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பெரிய வெள்ளி துக்க ஆராதனை. மணி அடிக்க மாட்டார்கள், பூ வைக்க மாட்டார்கள், கை தட்டுவது என்பது நினைத்தே பார்க்க முடியாதது. அந்த அமைதியில் கடைசிப் பாயிலிருந்து படபடவென்று கைதட்டல் வந்தது. ஒரே ஒருத்தி, எழுந்து நின்று, முகமெல்லாம் சிரிப்பாகத் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் நிறுத்தவில்லை. யாரும் அவளை நிறுத்தவுமில்லை. ஆறாம் வார்த்தைக்கு மேடையடிக்கு வந்திருந்த தலைமை ஆசிரியர், அவள் தட்டி முடிக்கும் வரை படியில் காத்து நின்றார்.

துக்க நாளில் கை தட்டக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது பாவம் என்று கஞ்சி ஊற்றும்போது பலர் என்னிடம் சொன்னார்கள். நான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. சிலுவையில் தொங்கியவர் தோற்கவில்லை, ஜெயித்தார் என்று உரக்கச் சொல்ல நாங்கள் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை விடியும் வரை காத்திருப்போம். அவள் வெள்ளிக்கிழமையே தட்டிவிட்டாள்.