செக்ரட்டரி குளித்துக்கொண்டிருந்தார்

அந்த ரப்பர் பிளாடரின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது... புளித்த மாவையும் சைக்கிள் டியூபையும் சேர்த்து மென்ற மாதிரி.

தோல் பந்துக்குள் இருக்கும் பிளாடரை நான் வாயால்தான் ஊதுவேன். பம்பு இல்லாமல் இல்லை. அது எங்கள் கிளப் பிரசிடென்டான ஜவுளிக்கடை அண்ணாச்சியிடம் இருந்தது. பம்பு வைத்திருந்ததால்தான் அவரைப் பிரசிடென்ட் ஆக்கினோம். ஆன மறுநாளே, "எரவல் குடுத்தா வாஷர் போயிரும்லா" என்று கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் ஓர் ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். வயது இருபத்து மூன்று. பதினாறு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கான ஃபுட்பால் கிளப்பில் நான் செக்ரட்டரி. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடும் பொறுப்பு என் சேக்காளி சுடலைக்கு. வைஸ் பிரசிடென்ட் மூன்று பேர். என்ன வேலை என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பந்தை நேராக உதைக்கத் தெரியாது. பெண் பார்க்கப் போகிற வீடுகளில் "மாப்பிள்ளை கிளப் செக்ரட்டரி" என்று சொல்லிக்கொள்ளத்தான் சேர்ந்தேன். ஒரு வீட்டில், "சீட்டாடுத கிளப்பா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

பதவிக்கு இன்னும் கொஞ்சம் பளபளப்பு வேண்டியிருந்தது...

எனவே லீக் மீட்டிங்கில் எழுந்து நின்று ஒரு ரூல் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால், கிளப் செக்ரட்டரி மைதானத்துக்கு நேரில் வந்து, ரெஃபரியின் கண்முன்னே பிளேயர் லிஸ்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் டீம் இறங்கக் கூடாது. வடைத் தட்டு உள்ளே வந்துகொண்டிருந்த நேரம். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அந்த வருஷம் எங்கள் கேப்டன் மொய்தீன். ஒல்லியான பையன். பந்து அவன் காலை விட்டுப் போக மனமில்லாமல் உருளும். கொல்லத்தில் மாமாவின் பலசரக்குக் கடைக்கு அவனை அனுப்புவதென்று வாப்பா முடிவு செய்திருந்தார். "இந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடிட்டுப் போறேன் வாப்பா" என்று அழுது ஒரு வாரம் தவணை வாங்கியிருந்தான். தவணை முடிகிற நாள் சாயங்காலம் குற்றாலத்தில் மேட்ச். மறுநாள் காலை ரயில். அதோடு அவனுக்குப் பந்து முடிந்தது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மேட்ச் நாலு மணிக்கு. இரண்டு மணிக்கே போய்விட்டோம். சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. சீசன் கூட்டம். அருவி இரைகிற சத்தம் மைதானம் வரைக்கும் கேட்டது.

பிரசிடென்ட் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னவே செக்ரட்டரி, குத்தாலத்துக்கு வந்துட்டுக் காஞ்ச தலையோட போகவா? வாரும்."

மொய்தீன் என்னிடம் ஓடி வந்தான். "அண்ணாச்சி, கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டுப் போங்களேன்."

"ரூல் தெரியும்லா? ரெஃபரி முன்னாலதான் போடணும். அரைமணி நேரத்துல வந்துருவேன்லே" என்றேன். லிஸ்டை என் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் அண்ணாச்சி முதலில் உட்கார்ந்தார். அடுத்து நான். அந்த மனிதர் என் முதுகில் தாளம் போட்டதில் லீக்காவது, லிஸ்டாவது... எண்ணெய் வைத்தபின் குளிக்காமல் எழ முடியுமா? அருவிக்குள் போக வரிசை வேறு. உள்ளே போய்விட்டால் காது கேட்காது. கண் தெரியாது. வாட்ச் கரையில் சட்டையோடு கிடக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேனோ, தெரியாது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் சுடலை! தலையை அருவிக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி நிற்கிறான்.

கரையேறியதும் கேட்டேன். "நீ எப்பம்லே வந்தே?"

"ரொம்ப நேரமாச்சுலே. ஒன்னயக் கூட்டியாரச் சொல்லி மொய்தீன்தான் அனுப்புனான். தண்ணியப் பாத்தேனா... ஒரு முங்கு போட்டுட்டுச் சொல்லலாம்னு நெனச்சேன். ரெஃபரி வாட்சையே பாத்துக்கிட்டு நிக்காரு."

சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஈரத் துண்டோடு ஓடினேன்.

ரெஃபரி போய்விட்டிருந்தார். எதிர் டீமும் போய்விட்டது. வாக் ஓவர், ஆடாமலே அவர்களுக்கு ஜெயம். எங்கள் பையன்கள் மட்டும், ஒருவேளை நான் வந்துவிட்டால் ஆடச் சொல்வார்களோ என்று, அந்தச் சாரலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் ஜெர்சியைக் கழற்றவில்லை.

லிஸ்டை எடுத்து நீட்டினேன். யாரிடம் நீட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மொய்தீன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்த முப்பது வருஷத்தில் நானும் ஒரு பதில் கண்டுபிடித்திருப்பேன்... "தலய நல்லாத் தொவட்டுங்க அண்ணாச்சி, சளி புடிச்சிரும்" என்றான்.

அதன்பிறகு பிராக்டிஸுக்கு ஒரு பையனும் வரவில்லை. ஆனாலும் கமிட்டியில் ஒருவரும் ராஜினாமா செய்யவில்லை. ஆடுவதற்குப் பிள்ளைகளே இல்லாமல் இன்னொரு வருஷம் கிளப் நடந்தது. மீட்டிங், வடை, நன்றியுரை எல்லாம் உண்டு. நன்றியுரை நான்தான்.

இப்போது என் தெருவிலேயே பையன்களுக்கு ஒரு கிளப். ஓர் அப்பா ஸ்கூட்டரில் வலையைக் கொண்டுவருகிறார். ஓர் அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்துவருகிறார். யார் செக்ரட்டரி என்று விசாரித்தேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மேட்ச் மட்டும் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கிறது. "சார், நீங்களும் ஏதாவது ஒரு பொறுப்பு எடுத்துக்கிடுங்களேன்" என்றார்கள். இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கொல்லம் போயிருந்தேன். தேடிப் பிடித்து அந்த மாமாவின் பலசரக்குக் கடைக்குப் போனேன். கல்லாவில் மொய்தீன். முன்மண்டையில் முடியில்லை, தொப்பை விழுந்திருந்தது. உடனே அடையாளம் கண்டுகொண்டு சோடா வாங்கிக் கொடுத்தான். தராசுப் பக்கம் அவன் மகன் நின்றிருந்தான். அவனுக்கும் பதினாறு இருக்கும்.

சும்மா இருக்கிற வாயா இது? "தம்பி, ஒங்க வாப்பா எங்க டீம் கேப்டன், தெரியும்லா? என்னமா ஆடுவான்!" என்றேன்.

பையன் ஆச்சரியமாக அப்பாவைப் பார்த்தான். "வாப்பா... நீங்க ஃபுட்பால் ஆடுவீங்களா?"

மொய்தீன் என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி சும்மா தமாஷுக்குச் சொல்லுதாரு. நீ அந்தத் துவரம்பருப்ப நிறு."