மங்கிய விளக்கில் அளந்த பச்சை

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பச்சையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கடல்நீரை வடிகட்டி, வடிதாளில் தங்கும் பாசியை அரைத்து, அதன் பச்சையத்தை அசிட்டோனில் கரைத்து அளக்கும் பிழைப்பு. கண்ணுக்குத் தெரியாத அந்த மிதவை உயிர்கள் பழைய பச்சையத்தை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும். எவ்வளவு புதிது என்று அறிய, கதிரியக்கக் கரிமம் கலந்து, ஒரு பாட்டிலை வெயிலிலும் இன்னொன்றைக் கறுப்புத் துணி சுற்றி இருட்டிலும் வைப்பார்கள்; இருட்டில் புதிது உண்டாகாது. கரைத்த பச்சையம் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதனால் அளக்கிற வேலை முழுக்க மங்கிய விளக்கில்.

சில வருடமாக அந்த விளக்கில் அக்காவுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. மாலைக்கண். பரம்பரைக் கோளாறு, மருந்து கிடையாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கெட்டதைப் புதுப்பித்துக்கொள்ளப் பாசிக்கு வாய்த்தது மனுஷியின் கண்ணுக்கு வாய்க்கவில்லை, யாரை நோக! கரைசல் குழாயில் ஒட்டிய சீட்டைப் படிக்க முடியாமல் ரப்பர் பேண்ட் மாட்டினாள்: வெயில் பாட்டிலுக்கு ஒன்று, இருட்டு பாட்டிலுக்கு இரண்டு. மிச்சத்தை விரல் பார்த்துக்கொண்டது.

"இன்னும் ரெண்டு வருஷம்தான்க்கா. பென்ஷன் வர்ற வரைக்கும் மூச்சு விடாதே," என்றாள் கூடவே இருக்கும் தங்கை. வீட்டில் சம்பாதிப்பவள் அக்கா ஒருத்திதான்.

ஒருநாள் இரண்டு குழாயிலும் தலா ஒரு ரப்பர்தான் தட்டுப்பட்டது. ஒன்று எங்கோ அறுந்து விழுந்திருக்கிறது. வெளியே எடுத்துப் போனால் பச்சையம் கெடும். யாரையாவது கேட்டால் குட்டு உடையும். எது வெயில், எது இருட்டு என்று குத்துமதிப்பாக எழுதினாள்.

மறுநாள் ஆய்வை நடத்தும் பேராசிரியர் எண்களைப் பார்த்துவிட்டுச் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தார். இருட்டில் புதுப் பச்சையம், வெயிலில் ஒன்றுமில்லை!

"யாருமே பார்க்காத விஷயம்க்கா இது! கட்டுரையில உங்க பேரும் வருது."

அக்காவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாத்தி எழுதிட்டேன் சார். அந்த வெளிச்சத்துல எனக்குக் கண்ணு தெரியாது."

அவர் முகம் செத்துப்போனது. திட்டவில்லை. "எப்போலேருந்து?" என்று மட்டும் கேட்டார்.

போன மாதத்திலிருந்துதான் என்று சொல்லியிருந்தால் வேலை போனாலும் பழைய உழைப்பாவது மிஞ்சியிருக்கும். நான்கு வருடம் மறைத்தவளுக்கு அந்த ஒரு பொய் வாயில் வரவில்லை.

"நாலு வருஷமா சார். ஆனா மத்ததெல்லாம் சரியா இருக்கும். விரல் தப்பினதே இல்ல."

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்?"

அவள் கையெழுத்தில் நிறைந்திருந்த நான்கு வருடப் பதிவேடுகளை மேசையில் அடுக்கி, முதல் பக்கத்தில் குறுக்கே சிவப்புக் கோடு கிழித்தார். பிறகு அடுத்த பக்கம், அதற்கடுத்தது. பட்டப்பகல். எல்லாக் கோடும் அக்காவுக்கு நன்றாகவே தெரிந்தது.