அக்காவைக் கொண்டுபோனது படிப்பு அல்ல

அக்கா எங்களைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இத்தகைய நினைவு மலரில் மறைந்தவரின் நற்குணங்களை மட்டும் எழுதுவது வழக்கம். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தியில் என் காதில் விழுந்த பேச்சு அதற்கு விடவில்லை.

"இந்த வயசுல புத்தகத்தத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுச்சு. ஒடம்பப் பாக்கல. படிப்புதான் அந்தப் புள்ளையக் கொண்டுபோயிருச்சு" என்றார் எங்கள் உறவில் ஒரு பெரியவர். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்றேன். துக்க வீட்டில் சண்டை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். ஒரு வருடம் பொறுத்தது போதும்.

திருமயத்துக்கு அருகே எங்கள் கிராமத்தில், கடலை விவசாயம் செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. நான்கு ஆண்டு கழித்து நான். மேல்நிலை வகுப்பில் அவர் கணினிப் பிரிவு எடுத்தார். பள்ளியில் எட்டுப் பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். அக்கா வீட்டிலேயே நோட்டில் புரோகிராமை எழுதி எடுத்துப் போவார். தன் முறை வரும்போது கிடைக்கும் பத்து நிமிடத்தில் அடித்து ஓட்டிப் பார்த்துவிடுவார். அந்தப் பாடத்தில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் அவருடையது.

அந்தக் கோடையிலேயே கல்யாணம் பேசினார்கள். "நான் படிக்கணும்ப்பா" என்றார் அக்கா. "போற எடத்துல படிக்க வைப்பாங்க ஆத்தா, கேட்டுட்டுத்தான் குடுக்குறோம்" என்றார் அப்பா. அறந்தாங்கியில் புகுந்த வீட்டில் கேட்டபோது, "படிக்கணும்னா ஒங்க வீட்டுலயே படிச்சிருக்கலாமேம்மா" என்றார்கள். இரண்டு வீட்டாரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு பெண்ணின் படிப்பை ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து என்னைப் பொறியியல் கல்லூரியில் சேர்க்க அதே அப்பா திருச்சிக்கும் மதுரைக்குமாக அலைந்தார். நானும் கம்ப்யூட்டர்தான் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அக்காவின் மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம். எங்கள் வீட்டில் இதை ஒருவரும் பேசியதில்லை, நான் உட்பட.

மாமா வளைகுடா நாட்டில் ஓட்டுநர். மகளை வளர்த்துக்கொண்டே அக்கா இ-சேவை மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பதினோரு ஆண்டுகள் அங்கே இருந்தார். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாற்றம் என்று வருகிறவர்கள் "அந்த அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்பார்கள். மேற்பார்வையாளர் இடம் காலியானபோது, அக்காவிடமே ஆறு மாதம் வேலை பழகிய ஒருவரை அதில் அமர்த்தினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அவருக்கு டிகிரி இருக்கு. ஒங்களுக்கு இல்லையேம்மா" என்று பதில்.

அன்று மாலையே எனக்குப் போன் செய்தார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது.

"தம்பி, தபால்ல பி.சி.ஏ. சேரலாம்னு இருக்கேன். எங்க சேந்தா நல்லா இருக்கும்னு பாத்துச் சொல்லுடா."

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி சொன்ன பதில் இது: "எதுக்குக்கா இப்பப் போயி? மக படிப்பப் பாருக்கா."

"சரிடா, ஒன் வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார். யார் துணையும் இல்லாமல் அவரே விசாரித்தார், அவரே விண்ணப்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுக்கோட்டையில் வகுப்பு. போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே படிப்பார். வேலை நாட்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரோகிராம் போட்டுப் பார்ப்பார். முதலாண்டில் எல்லாத் தாளிலும் தேர்ச்சி. இரண்டாமாண்டு முடிவு வந்தபோது, செய்முறைத் தேர்வுக்கு நேரே மதிப்பெண் இல்லை. 'வரவில்லை' என்று இருந்தது.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து, புரோகிராமைத் தேர்வாளருக்கு ஓட்டிக் காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் அவர். படிப்பு மையத்தில் கேட்டால், "இங்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதும்மா, ஹெட் ஆபீஸ்ல கேளுங்க" என்றார்கள். அங்கே போனால், "சென்டர்லேர்ந்து வந்ததத்தான் ஏத்துனோம், அவங்களக் கேளுங்க." ஐந்து மாதம் இப்படியே போனது. கடைசியாக ஓர் அலுவலர் அலுத்துக்கொண்டார்: "இந்த வயசுக்கு மேல வேலைக்கா போகப் போறீங்க? இன்னொரு தடவ எழுதிட்டுப் போங்களேம்மா."

அக்கா குரலை உயர்த்தவில்லை என்று உடன் போயிருந்த மகள் சொல்கிறாள். "பெயிலாயிருந்தா எழுதுறேன் சார். நான் வந்தேன். வந்தவள வரலன்னு எழுதிப்புட்டு, எனக்கே புத்தி சொல்றீங்களா?"

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார். வருகைத் தாளின் நகல் வந்தது. அக்காவின் கையெழுத்தோடு இன்னும் பதின்மூன்று பேரின் கையெழுத்தும் அதில் இருந்தது. அன்று அந்த அறையில் தேர்வெழுதிய அத்தனை பேரையும் வராதவர்கள் ஆக்கியிருந்தார்கள்! பலர் தலைவிதி என்று மறுதேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். இருவர் படிப்பையே விட்டுவிட்டார்கள். அக்கா ஒவ்வொருவரையும் விசாரித்துப் போனில் பிடித்தார். பதினான்கு பேரும் சேர்ந்து மனு கொடுத்த பிறகுதான் முடிவு திருத்தப்பட்டது. வருந்துகிறோம் என்று ஒரு சொல்கூட அந்தக் கடிதத்தில் இல்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் வயிற்றுவலி வந்தது. சொந்தங்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். அக்கா உடம்பைக் கவனிக்காமல் இருக்கவில்லை. ஒரே மருத்துவரிடம் மூன்று முறை போனார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது வேலை, வீடு, பி.சி.ஏ. என்று உள்ளதைச் சொன்னார். "அதான் டென்ஷன். நேரத்துக்குச் சாப்பிடுங்க, படிப்பக் கொஞ்ச நாள் நிறுத்தி வைங்க" என்று மூன்று முறையும் அல்சர் மாத்திரை எழுதிக்கொடுத்தார் அவர். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்துத் தஞ்சாவூரில் வேறொரு மருத்துவர் பார்த்தபோது சினைப்பையில் புற்றுநோய் முற்றியிருந்தது.

படிப்புதான் நோய் என்று முடிவு கட்டியதால் நோயை யாரும் தேடவில்லை. பெரியவரே, நீங்கள் பந்தியில் சொன்ன அதே வார்த்தைதான் அக்காவின் ஏழு மாதங்களை விழுங்கியது. இனி எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணைப் பற்றியும் அப்படிச் சொல்லாதீர்கள்.

சிகிச்சைக்கு நடுவிலும் மூன்றாமாண்டில் இரண்டு தாள்கள் எழுதினார். முடி கொட்டிய தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு தேர்வறைக்குப் போனார். ஒன்றில் தேர்ச்சி. இன்னொன்றில் நான்கு மதிப்பெண் குறைந்துபோனது. முடிவைப் படுக்கையில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது நெசமாவே நான் கோட்ட விட்டது. இதுக்கு யார்கிட்டயும் சண்டைக்குப் போக மாட்டேன். அடுத்த தடவ எழுதிக்கிறேன்" என்றார். மூன்று வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில், மகளின் மடியில் கண்மூடினார். வயது நாற்பத்திரண்டு.

வேலையை விட்டுவிட்டு வந்து கடைசிவரை அக்காவுக்குத் தலைமாட்டில் இருந்த மாமாவுக்கும், தன் கல்லூரி வகுப்பை விட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த மகளுக்கும், ஞாயிறு வேலையைத் தாம் பார்த்து அக்காவை வகுப்புக்கு அனுப்பிய இ-சேவை மையத் தோழிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தஞ்சாவூர் செவிலியர்களுக்கும், பஸ் மாறி மாறி வந்து பாடையோடு சுடுகாட்டுப் பாதைவரை நடந்த அந்தப் பதின்மூன்று பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படிப்பை விட்ட இருவரும் மறுபடி சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நன்றிப் பட்டியலில் உடன்பிறந்தவர் பெயரையும் போடுவதுதான் முறை என்று அச்சகத்தார் சொன்னார்கள். அக்கா படிப்பதற்கு நான் எந்த உதவியும் செய்யவில்லை. என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.