மைசூர் டீசலை நம்பிப் போன பூ வண்டி

கவிதா, சரவணா, நம் தோட்டத்துப் பூவோடு நான் மைசூர் போய் வந்த கதையை எழுதித் தரச் சொன்னீர்களே, இதோ.

வெள்ளிக்கிழமை விடியுமுன் மார்டள்ளியில் செண்டுமல்லி மூட்டைகளை ஏற்றிக் கிளம்பினோம். மைசூர் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். ஒன்பது மணிக்குள் போகாவிட்டால் ஏலம் முடிந்துவிடும். வாடின பூவை ஒருவரும் தொடமாட்டார்கள். நம் மூன்று மாதப் பாடு குப்பைக்குத்தான்.

கொள்ளேகாலில் டிரைவர் மாதேசுவிடம், காலி பக்கம் சாய்ந்திருந்த டீசல் முள்ளைக் காட்டினேன்.

"மைசூர்ல போட்டுக்கலாமுங்கண்ணா. அங்க லிட்டருக்குச் சில பைசா கம்மி."

அது உண்மைதான். கச்சா எண்ணெய் வெளிநாட்டிலிருந்து கப்பலில் மங்களூர் வந்து, அங்கே டீசலாகி, மலை தாண்டி, மைசூருக்கு அந்தப் பக்கம் உள்ள டிப்போவுக்கு வருகிறது. டிப்போவிலிருந்து பங்க் தள்ளிப் போகப் போக லாரி வாடகையும் விலையில் ஏறும். அதன்மேல் டெல்லி ஒரு வரி போடும், மாநிலம் ஒரு வரி போடும். பாலாறு செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் விலை மாறுவது அதனால்தான்.

ஏழரை மணிக்கு, நரசிப்புரம் தாண்டி, வண்டி இருமி நின்றுவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு ஓடினேன்.

"கேன்ல ஊத்த மாட்டோம் அண்ணா, ரூல்ஸ் இல்ல. வண்டி கொண்டு வாங்க," என்றார் பங்க்காரர்.

"வண்டி வந்தா நான் எதுக்குங்க கேனோட வர்றேன்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஊற்றவில்லை. தீப்பிடிக்கும் பொருள், அவர் வேலையும் போய்விடும்.

அங்கே டீசல் போட்டுக்கொண்டிருந்த கரும்பு டிராக்டர்காரர், "பன்னி, வாங்க சாமி, இழுத்துக்கிட்டு வரலாம்," என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி என்னை ஏற்றிக்கொண்டார். கயிறு கட்டி எங்கள் வண்டியைப் பங்க் நோக்கி இழுத்தார். பாதி வழியில் கயிறு அறுந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டே, "கல்யாண ஊர்வலமா? மேளம் எல்லி, எங்க?" என்று மாதேசைச் சீண்டினார்.

"பொண்ணு மைசூர்ல காத்திருக்குதுங்க. சில பைசா கம்மியாம்," என்றேன்.

டீசல் போட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிக் கிளம்ப எட்டேகால். மார்க்கெட்டில் நுழைந்தபோது கடைசி ஏலம். விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, ஆனால் ஒரு மூட்டைகூட மிஞ்சவில்லை.

மாதேசு டீ குடிக்கப் போனான். நான் மட்டும் பக்கத்துச் சந்துக்குப் போய், கட்டைவிரல் பருமனில் ஒரு நைலான் கயிறு வாங்கி வந்து, அவன் சீட்டுக்குப் பின்னால் சுருட்டி வைத்தேன்.