கைதட்டக் கூடாது என்றார்கள், அம்மா தட்டவில்லை

நேற்று சாயங்காலம் தங்கச்சிமடத்தில் ஒரு சர்ச்சுக்குள்...

இருங்கள், அம்மா பக்கத்தில் இல்லையே என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது! (எங்கள் வீட்டில் முதல் டிகிரி, முதல் ஆபீஸ் வேலை எல்லாம் நான்தான்.)

கல்லூரித் தோழி ஜென்சிக்கும் அதே கம்பெனி. இருவரும் ஒரே அறையில் தங்குவதாகத் திட்டம்.

அம்மா மட்டும் சம்மதிக்கவில்லை. "அந்தப் பிள்ளை வீட்டு ஆளுகள ஒரு தடவ கண்ணால பாக்காம அனுப்ப மாட்டேன்" என்று நின்றுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஜென்சி வீட்டிலிருந்து அழைப்பு. அவள் அண்ணன் ஆன்டோ சொந்த ஊர் சர்ச்சில் முதல்முறையாகத் தனியாகக் கிடார் வாசிக்கிறார், குடும்பத்தோடு வரவேண்டும் என்று.

சம்பந்தம் பேசப் போகிற மாதிரி கிளம்பினோம். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து இரண்டு பஸ். அம்மா பட்டுச்சேலையில். அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) மடியில், ஜென்சி வீட்டுக்கென்று ஒரு பை நிறைய குண்டு மிளகாய் வத்தல்.

(பாம்பன் பாலத்தில் காற்று அடித்தபோது எங்களுக்குப் பின்சீட்டு மொத்தமும் தும்மியது. நாங்கள் மூவரும் ரொம்ப அக்கறையாகக் கடலைப் பார்த்தோம்.)

சர்ச் வாசலில் ஜென்சியின் அம்மா நின்றிருந்தார். வணக்கம், வணக்கம். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் தலை முதல் கால் வரை பார்த்துக்கொண்டார்கள்.

ஜென்சி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"எங்கம்மாவும் இன்னும் சரின்னு சொல்லலடி. ஒங்க வீட்டு ஆளுக எப்பிடின்னு பாக்கத்தான் வரச் சொன்னதே."

பரீட்சை வைக்க வந்தது நாங்கள் என்று நினைத்திருந்தேன். ஹால் டிக்கெட் எங்களுக்கும் இருந்திருக்கிறது!

அய்யா ஆண்கள் பக்கம் உட்கார்ந்தார், வத்தல் பையோடு. நானும் அம்மாவும் பெண்கள் பக்கம். எங்களுக்கு முன்பெஞ்சில் ஜென்சியும் அவள் அம்மாவும்.

ஃபாதர் மைக்கில் சொன்னார். இது ஆலயம், கைதட்ட வேண்டாம், விசில் வேண்டாம், ஒவ்வொரு பாட்டையும் ஜெபமாகக் கேளுங்கள் என்று.

ஆன்டோ அண்ணன் வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு இசை தெரியாது. ஆனாலும் நன்றாகத்தான் வாசித்தார்; அத்தனை பேர் இருந்த இடத்தில் ஒருவர்கூட இருமவில்லை, அதை வைத்துச் சொல்கிறேன்.

பிரச்சினை பாட்டு முடிந்ததும்தான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அவர் குனிந்தபடி வியர்வையைத் துடைத்துக்கொள்வார். அடுத்த பாட்டு. மறுபடி ஃபேன்.

அம்மா நெளிய ஆரம்பித்தாள்.

"இம்புட்டு நல்லா வாசிக்கிற பிள்ளைய ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம உக்காந்திருக்காக. பாவமா இருக்குடி."

மூன்றாவது பாட்டின் நடுவில் என் காதில் கேட்டாள். "இது எந்தச் சாமிக்கு?"

"மாதாவுக்கு."

"நம்ம அம்மன் மாதிரியா?"

விளக்கம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"முக்கு நான் மட்டுமே பொறுப்பு.

பாட்டு மெதுவாகத் தேய்ந்து, கடைசிக் கம்பி நின்றது.

அம்மா வாய்க்கு மேல் கையை வைத்து, நாக்கைச் சுழற்றி, குலவை போட்டாள்!

ஊரில் அம்மன் கோயில் முளைப்பாரி அன்று அம்மா குலவை போட்டால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும். இங்கே உயரமான கூரை வேறு. போட்டது ஒன்று, திரும்பி வந்தது மூன்று.

மொத்த சர்ச்சும் எங்களைப் பார்த்தது. ஃபாதர் எழுந்துவிட்டார். ஜென்சியின் அம்மா மட்டும் திரும்பவே இல்லை. அந்தப் பிடரியைப் பார்த்தபடி மனதுக்குள் கோயம்புத்தூருக்கு டாட்டா காட்டினேன்.

"யம்மா, என்ன பண்ற?"

"என்ன பண்ணேன்? கைதட்டாதன்னாக, தட்டல. விசிலடிக்காதன்னாக, அடிக்கல. குலவை போடாதன்னு யாரு சொன்னா?"

(அம்மாவுக்குக் குசுகுசுவென்று பேசத் தெரியாது. எல்லோருக்கும் கேட்டது.)

ஆன்டோ அண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"ஃபாதர், அம்மா போடட்டும். நல்லா இருக்கா இல்லையான்னே தெரியாம மூணு பாட்டா எனக்கு வேர்த்து ஊத்துது."

சர்ச்சே சிரித்தது. ஃபாதரும் சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பாட்டு முடிந்தது. இப்போது எல்லோரும் அம்மாவையே பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுபடி ஃபேன் சத்தம்.

அப்போது முன்பெஞ்சிலிருந்து ஒரு குலவை கிளம்பியது. கழன்று ஆடுகிற சைக்கிள் மட்கார்டு மாதிரி ஒரு சத்தம். போட்டது ஜென்சியின் அம்மா!

மகனுக்காகப் போட்டிருக்கிறார், பாதியில் மூச்சு வாங்கியது. விட்ட இடத்திலிருந்து அம்மா பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கடைசிப் பாட்டு வரை ஜோடிக் குலவைதான்.

முடிந்ததும் வெளியே மணலில் டீயும் பன்னும் கொடுத்தார்கள். இரண்டு அம்மாக்களும் டீயை ஆறவிட்டு, நாக்கை எந்தப் பக்கம் மடக்குவது என்று வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஜென்சியின் அம்மா கேட்டார், "மதினி, ஒங்க மகளும் ஒங்கள மாதிரி வாயுள்ள பிள்ளைதான?"

"இவளா? பஸ்ஸுல எறங்க வேண்டிய எடம் வந்தாக்கூட நிறுத்தச் சொல்ல வெக்கப்பட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்குவா. ஒங்க மக கூட இருக்கான்னுதான் அனுப்புறேன்."

அனுப்புறேன்!

ஜென்சி என் கையைக் கிள்ளினாள். அவள் அம்மாவும் தலையாட்டிவிட்டார். நான் பன்னை அப்படியே விழுங்கி விக்கினேன்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

இன்று காலையில் அம்மா போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் தனியா என்னத்தப் பொங்கித் தின்பீக? நானும் மதினியும் ஒரு மாசம் கூட இருந்துட்டு வாரோம்."

ஆகவே நண்பர்களே, கோயம்புத்தூரில் நான்கு பேர் தங்குகிற மாதிரி வீடு யாருக்காவது தெரியுமா?

அவசரம். இரண்டு வீட்டிலும் பை கட்டியாயிற்று.