அக்கா குரலுக்கு ஒரு ஈக்வலைசர்

"இது என் தொண்டை இல்ல தங்கச்சி. தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குன மாதிரி இருக்கு. இத வெளிய விட்றாதீக."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அக்கா எழுந்துவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். அவர் கூச்சத்தோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாரணாபுரத்துக்காரர் அவர். பட்டாசு ஆபீசில் வேலை. அந்தப் பக்கத்தில் கம்பெனி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். பகலெல்லாம் காகிதக் குழல் சுற்றுவார். கோயில் கொடைத் திருவிழா என்றால் சுற்று வட்டாரத்தில் அவரைத்தான் பாடக் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு கொடையில் அவர் பாடிக் கேட்டுவிட்டுத்தான் நான் தேடிப் போய்க் கூட்டி வந்தேன். இருக்கன்குடி மாரியம்மன் மேல் அவரே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. அம்மன் மழையைக் கையோடு கூட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி வருகிற பாட்டு. ஆடி மாதத்துக்குள் அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

என் ஸ்டூடியோ விருதுநகரில், என் கணவருடைய வத்தல் குடோனுக்கு மேல் மாடியில் இருக்கிறது. மிளகாய் நெடி ஏறாமல் இருக்கக் கதவுக்கு இரண்டு அடுக்கு ரப்பர் ஒட்டியிருக்கிறோம். அப்படியும் சில நாள் பாட வந்தவர்கள் பல்லவியில் தும்மிவிடுவார்கள். தீபாவளி சீசனில் கடை விளம்பரம், தேர்தல் வந்தால் ஆட்டோ விளம்பரம், நடுவில் பள்ளிக்கூட ஆண்டு விழாப் பாட்டு என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் இருந்த ஈக்வலைசரே போதுமானதாக இருந்தது. ஈக்வலைசர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு குரலில் கனமான பகுதி, நடுப்பகுதி, கீச்சென்ற பகுதி என்று இருக்கும் அல்லவா? வேண்டியதைத் தூக்கி, வேண்டாததை இறக்குவதுதான் அதன் வேலை.

அக்காவின் குரலில் உச்சத்துக்குப் போகும்போது ஒரு கூர் உண்டு. கோயில் வெளியில் கேட்டால் அந்தக் கூர்தான் ஆளை நிமிர வைக்கும். மைக்குக்கு முன்னால் வந்ததும் அதுவே காதைக் கடித்தது. கம்ப்யூட்டரில் அந்த இடத்தை இறக்கிப் பார்த்தேன். கடி போனது, கூடவே உயிரும் போனது. எவ்வளவு மாற்றிப் பார்த்தும் அவர் சொன்ன தகர டப்பா போகவில்லை.

அவர் அன்றைக்குப் படியிறங்கும்போது, கீழே டீ வரட்டும் என்று நிறுத்தி வைத்தேன். மாடிப்படியில் நின்றபடி அதே பாட்டைச் சும்மா முணுமுணுத்தார். முணுமுணுப்பு தானாகவே பாட்டாக ஏறியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்டூடியோவுக்குள் பாடியது இந்தக் குரலே இல்லை! உள்ளே தொண்டையை இறுக்கிப் பாடியிருக்கிறார். ஏன் இறுக்கினார்?

டீக் குடித்து அவர் பஸ் ஏறிப் போன பிறகு யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். பாடும்போது அவர் காதில் ஹெட்போன் இருக்கிறது. மைக் பிடிக்கிற கூர் அப்படியே அவர் காதில் போய்க் குத்துகிறது. குத்தியதும் பயந்து குரலைச் சுருக்குகிறார். சுருங்கிப் பாடியதைப் பின்னால் உட்கார்ந்து நான் என்ன திருத்தினாலும் விரியுமா? திருத்தம் அவர் பாடுகிற அந்த நொடியிலேயே, மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நடக்க வேண்டும். என் கம்ப்யூட்டரில் அதைச் செய்தால் குரல் ஒரு இழை தாமதித்து ஹெட்போனுக்கு வந்தது. அதுவும் பாடுகிறவரைத் தடுமாற வைக்கும். பழைய காலத்து ஸ்டூடியோக்களில் இருந்ததுபோல, கையால் திருகுகிற ஈக்வலைசர் பெட்டி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"கம்ப்யூட்டருக்குள்ள சும்மா கிடக்கிறத எதுக்கும்மா இரும்புல வாங்கணும்?" என்றார் என் வீட்டுக்காரர். கேட்டது நியாயம்தான்.

"வாங்கிக் காட்டும்போது தெரியும்" என்றேன். உண்மையில் எனக்கே அப்போது பாதிதான் தெரியும்.

மதுரையில் ஸ்டூடியோ சாமான் விற்கிற கடைக்காரரிடம் சொன்னதும், பழைய மாடலைப் பார்த்துப் புதிதாகச் செய்த இரண்டு பெட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு அவரே வந்துவிட்டார். ஒன்று பழைய ரேடியோவில் இருந்ததுபோலக் கண்ணாடி வால்வு வைத்தது. நீல முகப்பு, உள்ளங்கை நிறைகிற பெரிய திருகுகள், உள்ளே பிழம்பு மாதிரி இரண்டு வால்வுகள். இன்னொன்று சாம்பல் நிறத்தில் சின்னது. பார்க்க மீட்டர் பெட்டி மாதிரி இருந்தது. தூக்கினால்தான் கனம் தெரிந்தது, உள்ளே டிரான்ஸ்பார்மர் இருந்ததால்.

அக்கா முன்பு பாடி வைத்ததைக் கடைக்காரர் முதலில் வால்வுப் பெட்டி வழியாக ஓட்டினார். அறை முழுக்க இளஞ்சூடாக நெய் வாசம் பரவியதுபோல இருந்தது. குரலுக்கு அடியில் ஒரு மெத்தை விரித்த மாதிரி கனம் வந்தது. வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏ அப்பா! இத வாங்கிருவோம்மா" என்றார். இரும்பு எதற்கு என்று கேட்டவர் அவர்தான்.

கடைக்காரர் சிரித்தார். "யாரு வந்தாலும் இதத்தான் எடுப்பாங்க மேடம். அந்தச் சாம்பல் பெட்டி ஒரு ஒப்புக்குக் கொண்டாந்தது."

சாம்பல் பெட்டியையும் ஓட்டினோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மயக்கவில்லை. எனக்கும் மனசு நீலப் பெட்டிப் பக்கமே சாய்ந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது கீழே தெருவில் ஒரு வேன், மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு, ஏதோ ஜவுளிக்கடை விளம்பரத்தைக் கத்திக்கொண்டு போனது. இரண்டு அடுக்கு ரப்பரைத் தாண்டி அது உள்ளே வந்தது.

நான் என் ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். அருமையான ஸ்பீக்கர்கள். ஆனால் இவற்றில் அக்கா பாட்டை யார் கேட்கப் போகிறார்கள்? நான், வீட்டுக்காரர், அக்கா. மற்ற எல்லாரும் கேட்கப் போவது ஆடிக் கூட்டத்தில், கம்பத்தில் கட்டிய குழாயில்.

"அண்ணே, ரெண்டையும் நாளைக்கு வரைக்கும் இங்கன வச்சுக்கிடட்டுமா? குழாயில போட்டுக் கேக்கணும்" என்றேன்.

"எதுல?"

"குழாய் ஸ்பீக்கர்ல."

"மேடம், இம்புட்டு நல்ல சாமானப் போயி யாராவது குழாயில வச்சுக் கேப்பாங்களா?"

"எங்க ஊர்ல அதுலதாண்ணே கேப்பாக."

மறுநாள் காலையில் மைக் செட்காரர் வந்து மொட்டை மாடியில் ஒரு குழாயைக் கட்டிக் கொடுத்தார். கடைக்காரரும் வேடிக்கை பார்க்கும் ஆசையில் மதுரையிலிருந்து மறுபடி வந்திருந்தார். அவரை மேலே உட்கார வைத்தேன். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று எனக்குச் சொல்லக் கூடாது, மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், கம்ப்யூட்டரில் திருத்தியதையும் நடுவில் ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு. திருகுகளை நானே முன்கூட்டி எனக்குப் பிடித்த இடத்தில் வைத்திருந்தேன். பிறகு கீழே இறங்கித் தெருமுனை வரைக்கும் நடந்தேன்.

முதலில் வந்ததைக் கேட்டு முகம் சுளித்தேன். கடி, கடி, ஒரே கடி. கனமான பகுதியைக் குழாய் விழுங்கிவிட்டது. குழாய்க்கு அடித்தொண்டையே கிடையாது. மிஞ்சியது அந்தக் கூர் மட்டும். தெருவில் போன சைக்கிள்காரர் ஒரு காதைத் தோளில் தேய்த்துக்கொண்டு போனார்.

இரண்டாவது ஓடியது. நான் நின்றுவிட்டேன். கூர் இருந்தது, ஆனால் குத்தவில்லை. சுருக்கிப் பாடிய குரல்தான், ஆனாலும் நெஞ்சிலிருந்து எழும்பி வருவதுபோல ஒவ்வொரு சொல்லாகத் தெருவில் வந்து விழுந்தது. குடோன் வாசலில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு மாடியைப் பார்த்தார்கள். "யாருட்டி இது, கண்ணு முன்னால நின்னு பாடுத மாதிரி இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். வீட்டுக்காரர் குடோனுக்குள்ளிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"இப்ப ஓடுறதுதானம்மா அந்த நீலப் பெட்டி?"

"எனக்கும் தெரியாது. பிடிச்சிருக்கா?"

"இதத்தான் வாங்கணும். வேற பேச்சே இல்ல."

கடைக்காரருக்கு போன் போட்டேன். ஒயரை இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு, "சாம்பல் பெட்டி மேடம்" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்காரரும் தன்னையே நொந்துகொண்டு சிரித்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், மூன்றாவதாக ஓடிய கம்ப்யூட்டர் திருத்தமும் குழாயில் ஏறக்குறைய அதே அளவுக்கு நன்றாக இருந்தது. வீட்டுக்காரர் விடவில்லை. "அப்ப கம்ப்யூட்டரே போதுமேம்மா?"

"கேக்கிறவுகளுக்குப் போதும். பாடுறவுகளுக்குப் போதாது. அக்கா வந்து பாடட்டும், அதுக்கப்புறம் வாங்குவோம்."

அக்காவைக் கூட்டி வருவதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவில் நாரணாபுரம் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து வந்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"வேண்டாம் தங்கச்சி. திறந்த வெளியில பாடுத கழுதைக்கு எதுக்கு மைக்கு? நல்லா இல்லைன்னு நாலு பேரு சொல்லக் கேக்க என்னால முடியாது."

"ஒரே ஒரு தடவ ஹெட்போன மாட்டிப் பாருங்கக்கா. பிடிக்கலைன்னா நானே உங்களப் பஸ் ஏத்தி விடுதேன். இனிமே இதப் பத்திப் பேச மாட்டேன்."

துவைத்த துணியைக் கொடியில் போட்டார். சேலை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். இந்தப் பக்கம் சாம்பல் பெட்டியின் திருகில் என் கை. எனக்குப் பின்னால் வீட்டுக்காரரும், ஞாயிறு வரை பெட்டிகளை விட்டுவைத்திருந்த கடைக்காரரும் நின்றார்கள். முதல் வரியைப் பழையபடி சுருக்கித்தான் பாடினார். தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன. நான் அந்தக் கூர் இருக்கும் இடத்தைப் பிடித்து மெல்ல இறக்கினேன். பிறகு நெஞ்சுக் குரல் இருக்கும் இடத்தை ஒரு பொட்டு ஏற்றினேன்.

கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அவர் தோள் இறங்கியது. இரண்டாவது வரியில் குரல் அகலமானது. மூன்றாவது வரியில் கையை வீசத் தொடங்கிவிட்டார். உச்சம் நெருங்கியது. எப்போதும் அந்த இடத்தில்தான் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்கு அரையடி பின்னால் போய், முகத்தை நிமிர்த்தி, கோயிலில் பாடுவதுபோலவே விட்டார். என் கை மயிர் நட்டுக்கொண்டது. பாட்டு முடிகிற வரைக்கும் நிறுத்தவே இல்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

முடிந்ததும் இந்தப் பக்கம் வந்து ஹெட்போனில் திரும்பக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மலர்ந்தது. என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "இதான் என் தொண்டை! இதத்தான சொன்னேன்!"

வீட்டுக்காரர் கடைக்காரரிடம் திரும்பி, "அண்ணாச்சி, அந்த நீலப் பெட்டிய எடுத்துட்டுப் போங்க. இது இங்கனயே இருக்கட்டும்" என்றார். கடைக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "குழாயில கேட்டு ஈக்வலைசர் வாங்குனது நீங்க ஒருத்தர்தான் மேடம். இனிமே நானும் கடையில ஒரு குழாய் கட்டப் போறேன்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு அது ஒரு பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு அக்காவோடு இருக்கன்குடி போனோம். மைக் செட்காரர்கள் ஒருவருக்கொருவர் போனில் அனுப்பி, பாட்டு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. சாத்தூர் ரோட்டில் நடந்து வருகிறவர்களுக்கு வைத்த தண்ணீர்ப் பந்தலில் ஒரு தடவை கேட்டோம். ஆற்றங்கரையில் இன்னொரு தடவை. மொட்டை போட்ட தலைகளும் மஞ்சள் சேலைகளுமாக அம்புட்டுக் கூட்டம். அந்த இரைச்சலுக்கு மேலே அக்கா குரல் தெளிவாக ஏறி நின்றது.

அக்கினிச்சட்டி எடுக்கக் காத்திருந்த ஒரு அம்மா, கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த மைக் செட்காரரிடம், "அய்யா, அந்தப் பாட்ட இன்னொருக்கப் போடுங்க. யாரு பாடுனது, மெட்ராஸ்காரியா?" என்று கேட்டார்.

"நாந்தேன்" என்றார் அக்கா, பக்கத்தில் நின்றபடி.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. பட்டாசு ஆபீஸ் பசைக் கறை போகாத விரல்களையும் சாயம் போன சேலையையும் பார்த்தால் யார்தான் நம்புவார்கள்? பாட்டு ஆரம்பித்தது. அக்கா குழாயோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே பொருந்தின. கூட்டம் விலகி வட்டமாக நின்றது. மைக் செட்காரர் எழுந்து நின்று பார்த்தார். பிறகு மெல்லக் கையை நீட்டிக் குழாயின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, முழுதாக நிறுத்திவிட்டார்.

அக்கா தனியாக உச்சத்துக்குப் போனார். அந்த அம்மாதான் முதலில் குலவை போட்டார். பிறகு சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் போட்டார்கள். எனக்குக் குலவை போட வராது. அன்றைக்கு வந்தது.